‘ஆச்சி வீட்டுப் பலகாரம்’ என்று விளம்பரத்தில் எழுதலாமா?

வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல, வீட்டில் பலகாரம் செய்து வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் வழியாக விற்பவர்கள் எழுதியவை. கேள்விகள் விளம்பரம் என்ற ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்ததால், சிலவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, மனகோலம் செய்து விற்கிறேன். நேரில் வாங்கியவர்கள் மறுபடியும் வருகிறார்கள். பேஸ்புக்கில் விளம்பரம் போட்டால் மட்டும் ‘லைக்’ விழுகிறதே தவிர ஆர்டர் வருவதில்லை. நான் போட்டது இதுதான்: ‘செட்டிநாட்டின் நம்பர் 1 பாரம்பரியச் சுவை! 100% சுத்தம், 100% இயற்கை! ஏற்றுமதித் தரம்! இன்றே முந்துங்கள்! விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்.’ இதில் என்ன குறை? – வாசகி, கண்டனூர்

பதில்: உங்கள் விளம்பரத்தில் பொய் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் மெய்தானா என்று வாங்குபவர் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய செய்தி அதில் ஒன்றுகூட இல்லை. உங்கள் விளம்பரத்தைப் படிப்பவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம் பக்கத்துக்காரராகவே பெரும்பாலும் இருப்பார். தேன்குழலின் பெருமையை அவருக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: எந்த எண்ணெயில் பொரித்தீர்கள், வெண்ணெய் போட்டீர்களா டால்டா போட்டீர்களா, என்றைக்குச் சுட்டது, அரைக் கிலோ என்ன விலை, யார் வீட்டில் எந்த ஊரில் செய்கிறீர்கள். இவற்றில் ஒன்றுக்கும் விடை சொல்லாமல் ‘நம்பர் 1’ என்று அறிவித்தால், எந்தப் போட்டியில் யார் கொடுத்த இடம் என்று அவர் மனத்துக்குள் கேட்டுக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்.

‘100%’ என்பதை இப்போதே எடுத்துவிடுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவுப் பொருள்களின் லேபிளிலும் பொதியிலும் விளம்பரத்திலும் இந்தக் குறியீட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. ‘ஏற்றுமதித் தரம்’ என்பதற்கு உங்களிடம் காட்டக்கூடிய ஆவணம் எதுவும் இல்லையென்றால் அதுவும் வேண்டாம். ‘விலைக்கு இன்பாக்ஸ்’ என்ற வரிதான் உங்களுக்கு அதிக நட்டம் தந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்ற ஐயம் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. பொதியில் அச்சிட்டே ஆக வேண்டிய விலையை விளம்பரத்தில் மறைப்பதற்குக் காரணமும் இல்லை.

தேன்குழலுக்கு மட்டும் ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். பொருள்களையும் விலையையும் உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

‘கண்டனூரில் எங்கள் வீட்டில் பிழியும் தேன்குழல். பச்சரிசி மாவு, வறுத்துத் திரித்த உளுந்து மாவு, வெண்ணெய், உப்பு, சீரகம். செக்குக் கடலை எண்ணெயில் பொரித்தது. புதன்கிழமை சுடுகிறோம், வியாழன் காலையில் கூரியரில் அனுப்புகிறோம். 500 கிராம் 280 ரூபாய். அனுப்பும் செலவு தனி, ஊரைச் சொன்னால் தொகையை முன்னதாகச் சொல்வோம். சுட்ட நாளிலிருந்து 20 நாள்களுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு 15 கிலோதான் செய்ய முடியும். திங்கள்கிழமை மாலையோடு ஆர்டர் நிறுத்தப்படும்.’

இதில் ஒரு புகழ்ச்சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘15 கிலோதான்’ என்ற வரி, ‘முந்துங்கள்’ என்று நீங்கள் கூவியதைவிட விரைவாக ஆர்டர் கொண்டுவரும். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும், 40 கிலோ செய்யும் வாரத்திலும் அதே வரியைப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சேர்மானங்களை எடையில் மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் எழுதுங்கள். பொதியின் லேபிளுக்குச் சட்டம் கேட்பதும் இந்த வரிசையைத்தான். வெண்ணெய் என்று எழுதியபின், வெண்ணெய் விலை ஏறிய வாரத்தில் வேறொன்றைப் போட நேர்ந்தால், அந்த வாரத்து விளம்பரத்திலும் பொதியிலும் அதை மாற்றி எழுதிவிட்டுப் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். மனகோலத்துக்கு எழுதும்போது, நிலக்கடலை சேர்த்திருந்தால் அதைத் தனி வரியாகச் சொல்லுங்கள். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த ஒரு வரி, விளம்பரத்தின் மற்ற எல்லா வரிகளையும்விட முக்கியமானது.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மதுரை, திருமணமாகிக் காரைக்குடிக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) அல்லர். நகரத்தார் வீடுகளில் நெடுங்காலம் சமையல் செய்த ஓர் அம்மாளும் உதவிக்கு இருவரும் என்னோடு வேலை செய்கிறார்கள். ‘ஆச்சி வீட்டுப் பலகாரம்’, ‘ஆச்சியின் கைப்பக்குவம்’ என்றெல்லாம் விளம்பரம் செய்யலாமா? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். – வாசகி, காரைக்குடி

பதில்: எல்லோரும் செய்வதால்தான் அந்தச் சொல்லுக்கு இப்போது விளம்பரத்தில் மதிப்பில்லாமல் போய்விட்டது. ஆச்சி என்றதும் வாங்குபவர் மனத்தில் ஒரு நகரத்தார் வீடும் ஒரு குறிப்பிட்ட மூதாட்டியும் வருகிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் அடுப்படியில் இல்லாதபோது அந்தப் படத்தைக் காட்டி விற்பது சரியில்லை. வணிகப் பெயராக அதைப் பதிவு செய்ய எண்ணினால் அதிலும் சிக்கல் உண்டு: ஆச்சி என்ற சொல்லைக் கொண்ட பெயர்கள் சந்தையில் ஏற்கனவே இருக்கின்றன. பெயர்ப்பலகை எழுதுவதற்கு முன்னால் வணிகக்குறி (டிரேட்மார்க்) பதிவேட்டின் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

உங்களிடம் அதைவிட நல்ல செய்தி இருப்பதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். செட்டிநாட்டுச் சமையலின் பக்குவம் நகரத்தார் குடும்பங்களோடு மட்டும் இருந்ததில்லை. திருமணத்துக்கும் சீர்ப்பலகாரத்துக்கும் அடுப்பு முன் நின்றவர்கள், பல ஊர்களையும் பல சமூகங்களையும் சேர்ந்த சமையல்காரர்கள். ‘நகரத்தார் வீடுகளில் நெடுங்காலம் பலகாரம் செய்த ஓர் அம்மாள் பக்குவம் பார்த்துச் செய்வது’ என்று அவர் ஒப்புதலோடு எழுதுங்கள். இது உண்மை; பக்கத்துத் தெருக்காரர் திருடி எழுத முடியாத உண்மை. ஒப்புதல் என்று அழுத்திச் சொல்லக் காரணம், சமையல் செய்பவருடைய அனுபவத்தைச் சொல்லி விற்றுவிட்டு அவரைச் சம்பளப் பட்டியலில் மட்டும் வைத்திருக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் மிகுதியாக இருக்கிறது என்பதுதான்.

‘வீட்டில் செய்தது’ என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. உணவு விளம்பரங்கள் பற்றிய 2018-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், வீட்டுத் தயாரிப்பு, வீட்டுச் சமையல் போன்ற சொற்களை வாங்குபவருக்குத் தவறான எண்ணம் தரும் வகையில் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. நீங்கள் இப்போது வீட்டின் இரண்டாம் கட்டான உள்பகுதியில் மூவரை வைத்துச் செய்வதை வீட்டில் செய்தது என்று சொல்வதில் தவறில்லை. நாளைக்குப் புறநகரில் ஒரு கொட்டகை எடுத்து இயந்திரத்தில் மாவு பிழியத் தொடங்கினால் அந்தச் சொல்லையும் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: வீட்டில் சிறு அளவில் செய்பவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டுமா? அந்தச் சான்றிதழைப் படமெடுத்துப் போடலாமா? அதில் வீட்டு முகவரி இருக்கிறதே என்று தயக்கமாக உள்ளது. – வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் சிறு தயாரிப்பாளருக்கு உரிமம் பெறுவதிலிருந்துதான் விலக்கு அளிக்கிறது. பதிவிலிருந்து விலக்கு அளிக்கவில்லை. 2011-ஆம் ஆண்டின் விதிமுறைகளில் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பதிவு என்றும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் வகுத்தார்கள். விண்ணப்பம் ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற இணையதளத்தில். நடப்பு வரம்பையும் கட்டணத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

சான்றிதழை முழுதாகப் படமெடுத்துப் போட வேண்டிய தேவை இல்லை. 14 இலக்கப் பதிவு எண்ணை எழுத்தாக எழுதுங்கள். விரும்புபவர் அந்த எண்ணை அதே தளத்தில் இட்டுச் சரிபார்த்துக்கொள்வார். விளம்பரத்தில் ஊரும் தெருவும் போதும். ஆனால் பொதியின் மேல் முழுப் பெயரும் முகவரியும் தொடர்பு எண்ணும் இருந்தே ஆக வேண்டும். அதைத் தவிர்க்க வழி தேடாதீர்கள். வீட்டுத் தொலைபேசி எண்ணுக்குப் பதிலாகத் தொழிலுக்கென்று தனிக் கைப்பேசி எண் வைத்துக்கொண்டால் தொல்லை பெரிதும் குறையும்.

‘அரசு அங்கீகாரம் பெற்ற சுவை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதிவு என்பது நீங்கள் யார், எங்கே செய்கிறீர்கள் என்பதற்கான கணக்கு. உங்கள் சீடையை யாரும் கடித்துப் பார்த்து அந்த எண்ணைத் தரவில்லை.

கேள்வி: கருப்பட்டிப் பணியாரமும் கவுனி அரிசி இனிப்பும் செய்கிறேன். ‘சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று போட்டால் விற்பனை கூடும் என்று மகன் சொல்கிறான். – வாசகி, பள்ளத்தூர்

பதில்: கூடும், அதனாலேயே கூடாது. கருப்பட்டி என்னும் பனை வெல்லமும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் சர்க்கரைதான். கவுனி அரிசியின் கறுப்பு நிறத்தைப் பற்றி எத்தனை நல்ல செய்தி சொன்னாலும், நம் வீடுகளில் அதைச் சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துத்தானே கிளறுகிறோம்? உங்கள் வரியை நம்பி ஒரு பெரியவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் அதன் பொறுப்பு விளம்பரம் எழுதியவருடையது. மேற்சொன்ன உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, தவறான எண்ணம் தரும் உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்றும் எழுத முடியாது. அந்த வரியை எழுத வேண்டுமானால் எந்த வகைச் சர்க்கரையும் சேர்த்திருக்கக் கூடாது. தேன்கூட அந்தக் கணக்கில் வருகிறது. ‘வெள்ளைச் சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி சேர்த்தது’ என்று எழுதுங்கள். அது நேரான செய்தி, கேட்பவருக்கும் தேவையான செய்தி. கருப்பட்டியில் சீனி கலந்து வருவது நீங்கள் அறிந்ததே. ஆகவே யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதைச் சொன்னால் நம்பிக்கை கூடும். ஆனால் ‘உடன்குடிக் கருப்பட்டி’ என்பது 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். அங்கிருந்து வாங்கிய ரசீது கையில் இருந்தால் மட்டும் அந்தப் பெயரைப் போடுங்கள். அதே ஆண்டில் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்குக்கும் இது பொருந்தும்; காரைக்குடியில் சுட்ட முறுக்கைக் காரைக்குடி முறுக்கு என்றே விற்கலாம்.

கேள்வி: ‘ஒரு மாதம் கெடாது’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தேன். மாமியார் காலத்திலிருந்து சொல்லிவரும் கணக்கு அது. சென்ற கோடையில் வெளியூருக்கு அனுப்பிய தேன்குழலில் சிக்கு வாடை வந்துவிட்டதாக இரண்டு பேர் எழுதினார்கள். எத்தனை நாள் என்று போடுவது? – வாசகி, கோட்டையூர்

பதில்: மாமியார் சொன்ன கணக்கு அவருடைய தகர டின்னுக்கும் அவருடைய சரக்கறைக்கும் சரியாக இருந்திருக்கும். உங்கள் பலகாரமோ மெல்லிய பிளாஸ்டிக் உறையில், கோடை வெயிலில் நிற்கும் கூரியர் வண்டியில் போகிறது. பொரித்த பண்டத்தில் எண்ணெய் காற்றோடும் வெளிச்சத்தோடும் வெப்பத்தோடும் சேர்ந்து கெடுவதுதான் சிக்கு வாடை. ஈரம் புகுந்தால் நமத்துப்போகும். இரண்டும் உறையையும் வழியையும் பொறுத்தவை. ஆகவே நாள் கணக்கு என்பது பண்டத்துக்கு மட்டும் உரியதன்று, பொதிக்கும் சேர்த்து உரியது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. அடுத்த முறை சுடும்போது, விற்கும் அதே உறையில் அதே எடையில் ஆறு பொட்டலம் கட்டித் தேதி எழுதி, குளிர்ந்த அறையில் வைக்காமல் வெப்பம் படும் இடத்தில் வையுங்கள். ஐந்து நாளைக்கு ஒன்றாகப் பிரித்து, உங்கள் வீட்டைச் சேராத இருவரிடம் முகர்ந்தும் தின்றும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டாருக்கு மூக்கு பழகிவிட்டிருக்கும். முதல் முறை யாராவது முகம் சுளித்த நாளிலிருந்து ஒரு வாரத்தைக் கழித்துவிட்டு மீதியைப் போடுங்கள். 18 நாள் வந்தால் 18 என்றே எழுதலாம். முழு எண்ணாக 30 போடுவதைவிட அது வாங்குபவருக்குச் சோதித்துப் பார்த்த எண்ணாகத் தெரியும். சித்திரையில் ஒரு முறையும் மார்கழியில் ஒரு முறையும் பார்த்தால் இன்னும் நல்லது.

எண்ணெயையும் கவனியுங்கள். பல முறை காய்ந்த எண்ணெயில் பொரித்தது விரைவில் சிக்கு அடிக்கும். பொரிக்கும் எண்ணெயில் துருவச் சேர்மங்களின் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது பெருகும் பொருள்களின்) மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ளது. வீட்டில் அதை அளக்கும் கருவி இருக்காது. நிறம் கறுத்து, நுரைத்து, புகையத் தொடங்கும் எண்ணெயை மாற்றிவிடுவதுதான் நம்மால் ஆவது. ‘ஒருமுறை பயன்படுத்திய எண்ணெயை மறுபடி பயன்படுத்துவதில்லை’ என்ற வரியை, உண்மையிலேயே அப்படிச் செய்பவர் மட்டும் எழுத வேண்டும். அப்படிச் செய்பவர் குறைவு. ‘ரசாயனம் சேர்க்கவில்லை’ என்று எழுதுமுன் ரீபைண்ட் எண்ணெய் பாக்கெட்டின் பின்புறத்தையும் படியுங்கள். சிலவற்றில் டிபிஹெச்க்யூ என்ற கெடாமல் காக்கும் பொருள் சேர்ந்திருக்கும்.

எல்லாப் பலகாரத்துக்கும் ஒரே நாள் கணக்கைப் போடாதீர்கள். அதிரசம் வேறு, மாவுருண்டை வேறு. வெள்ளைப் பணியாரமும் பால் பணியாரமும் அன்றைக்கே தின்ன வேண்டியவை. ‘உள்ளூரில் நேரில் மட்டும்’ என்று விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: படம் எப்படி எடுப்பது? ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் பித்தளைத் தட்டு, பனையோலைக் கொட்டான் (சிறு கூடை) எல்லாம் வைத்து எடுத்தால் அழகாக வருகிறது. – வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அழகாகவே எடுங்கள், ஆனால் உங்கள் பண்டத்தை எடுங்கள், வேறொருவர் படத்தை எடுத்துப் போட்டால் அதே படத்தை மூன்று குழுக்களில் பார்த்தவர் உங்களை நான்காவதாகக் கணக்கு வைப்பார். காலை வெளிச்சத்தில் முற்றத்தில் வைத்து எடுத்தால் நிறம் மாறாது. ஃபில்டர் போட்டுத் தேன்குழலைப் பொன்னிறமாக்க வேண்டாம். கொட்டானில் வைத்துக் காட்டிவிட்டுப் பிளாஸ்டிக் உறையில் அனுப்புவதாக இருந்தால், உறையையும் அதன் லேபிளையும் இரண்டாவது படமாகப் போட்டுவிடுங்கள். தராசின் மேல் 500 காட்டும் பொட்டலத்தின் படம் ஒன்றும் இருக்கட்டும்.

கேள்வி: யூடியூப் சேனல் வைத்திருக்கும் என் அக்காள் மகள் எங்கள் பலகாரத்தைத் தின்று பாராட்டி ஒரு காணொலி போடுகிறேன் என்கிறாள். உறவினர்கள் சிலரும் நல்ல விமர்சனம் எழுதத் தயார். – வாசகி, பொன்னமராவதி

பதில்: ‘என் சின்னம்மா செய்தது, எனக்கு இலவசமாகக் கொடுத்தார்’ என்று காணொலியின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுப் பாராட்டட்டும். விளம்பரங்கள் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், பாராட்டுபவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பை வெளியே சொல்ல வேண்டும் என்கின்றன. உறவினர் விமர்சனங்களை விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பது வாங்குபவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஊர் பேர் தெரியாத ஒருவர் ‘உப்பு சற்றுத் தூக்கல், மற்றபடி நன்று’ என்று எழுதியதை அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி: என் விளம்பரத்தின் கீழேயே ஒருவர், சீப்புச் சீடை பாதி நொறுங்கி வந்தது என்று படத்தோடு எழுதிவிட்டார். நீக்கிவிடலாமா? – வாசகி, புதுவயல்

பதில்: நீக்காதீர்கள். நீக்கினால் அவர் அதே படத்தை வேறு குழுவில் போடுவார். அங்கே பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். அன்றைக்கே, அதே இடத்தில், சுருக்கமாக எழுதுங்கள்: ‘படம் பார்த்தோம். அட்டைப்பெட்டிக்குள் இடைவெளி இருந்ததால் நொறுங்கியிருக்கிறது. பணத்தைத் திருப்பித் தரட்டுமா, அடுத்த புதன்கிழமை சுடுவதில் புதிதாக அனுப்பட்டுமா என்று சொல்லுங்கள்.’ கூரியர்காரர் மேல் பழி போடும் வரி எதுவும் வேண்டாம். அந்தக் கூரியரைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள். அவர் பணம் கேட்டால் அனுப்பும் செலவையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். பிறகு பெட்டியின் அளவைக் குறைத்தோ, காகிதம் திணித்தோ கட்டும் முறையை மாற்றிக்கொண்டு, உங்கள் ஊரிலிருந்து ஒரு பெட்டியை உங்களுக்குத் தெரிந்தவர் வீட்டுக்குச் சென்னைக்கு அனுப்பி, பிரிக்கும்போது படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு நொறுங்குகிறது என்று பார்த்துவிட்டு, ‘வழியில் சில சீடைகள் உடையலாம், கால் பங்குக்கு மேல் உடைந்திருந்தால் பணம் திருப்பித் தருவோம்’ என்ற வரியை அடுத்த விளம்பரத்தில் விலைக்குக் கீழே சேர்த்துவிடுங்கள்.